தலைமாட்டில் நிற்பவள்

பருப்புக்கடை சிவனாண்டி கடையைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடப்பார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி நடப்பார், மறுபடி வருவார். “அண்ணாச்சி, பூட்டு அழுதிரப் போவுது” என்று எதிர்க்கடைக்காரன் சிரித்தால், இவன் எதற்குச் சிரிக்கிறான் என்று அதையும் யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார். மனைவி முத்துக்கனி சோற்றில் ஒரு கரண்டி நெய் கூட விட்டால், “என்ன சங்கதி?” என்று நிமிர்ந்து பார்க்கிற ஆள். இப்படிப்பட்ட மனுஷரைக் கொண்டுபோய் ஓட்டுச்சாவடியில் ஏஜெண்டாக உட்கார வைத்தால் அங்கே ஓட்டு நடக்குமா, விசாரணை நடக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். தூத்துக்குடி நகரசபைத் தேர்தல். கடற்கரை வார்டில் சிவனாண்டியின் மச்சினர் இசக்கியப்பன் நின்றார். போன தடவை மயிரிழையில் தோற்றவர். ஏன் தோற்றார் என்பதற்குச் சிவனாண்டி ஒரே காரணம்தான் சொல்வார். “செத்தவன்லாம் எந்திரிச்சு வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போயிட்டாம்வே. கொழும்புல இருக்கவன் பேருக்கு இங்கன ஒருத்தன் ஓட்டுப் போடுதான். எவன் எவன்னு நாம கண்டோம்?”

அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. வீட்டு வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு என்பதால் பட்டியல் சின்னது. ஆனால் கடற்கரைத் தெருக்களில் பாதி ஆம்பிளைகள் தோணியில் கொழும்புக்குப் போவதும் வருவதுமாக இருப்பார்கள். யார் ஊரில் இருக்கிறான், யார் இல்லை என்று மாதா கோயில் சாமியாருக்கே சரியாகத் தெரியாது.

யுத்த காலத்தில் துறைமுகத்துக்குள் போகிறவர்களுக்குப் போட்டோ ஒட்டிய பாஸ் கொடுத்திருந்தார்கள். சிவனாண்டி அதைப் பிடித்துக்கொண்டார். தேர்தல் அதிகாரியிடம் போய், “மூட்டை தூக்குதவனுக்கே போட்டோ கேக்கான் வெள்ளக்காரன். ஊரை ஆளுதவனைத் தேர்ந்தெடுக்கதுக்கு வேண்டாமா சார்? போட்டோ இருந்தா ஓட்டு, இல்லையா, வீட்டுக்குப் போ” என்றார். அதிகாரி சட்டத்தில் அப்படி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாக்காளர் மேல் சந்தேகம் என்றால் ஏஜெண்ட் ஆட்சேபம் சொல்லலாம். சாவடி அதிகாரி விசாரிப்பார். ஆள்மாறாட்டம் என்று தெரிந்தால் போலீஸ். அவ்வளவுதான் சட்டம். சிவனாண்டிக்கு அது போதுமானதாக இருந்தது.

தேர்தல் அன்று காலையில் பள்ளிக்கூடத்துச் சாவடியில் வந்து உட்கார்ந்தவர், முதல் ஆளிலிருந்தே ஆரம்பித்துவிட்டார். சாவடி அதிகாரி ஜீவமணி, சாயர்புரத்தில் வாத்தியார். சாதுவான மனுஷர். எதிர்க்கட்சி ஏஜெண்ட் ரோச், தோணிக்குப் பாய் தைக்கிறவர். வாய் ஓயாதவர்.

துறைமுகத் தொழிலாளி வில்பிரட் வந்தபோது சிவனாண்டி பாஸைக் கேட்டார். அவனும் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். போட்டோவில் மீசை இருந்தது, நேரில் இல்லை. போட்டோவில் கன்னம் உப்பியிருந்தது, நேரில் ஒட்டியிருந்தது.

“இது இவன் இல்ல” என்றார் சிவனாண்டி.

“யுத்தத்துல அரிசி கெடைக்காம எல்லாரும்தான் ஒட்டிப்போனோம் அண்ணாச்சி. உம்ம கடையிலதானே பருப்பு வாங்கித் தின்னேன்? உம்ம பருப்புதான் என்னை இப்படி ஆக்கிச்சு!” என்றான் வில்பிரட்.

பொம்பளைகள் வரிசையிலிருந்து அவனுடைய அம்மா கத்தினாள். “ஏ அண்ணாச்சி, போட்டோவப் பாத்தா நான் இவனைப் பெத்தேன்? எம் மவன் இவன்தான். எனக்கே வேண்டாம்னாலும் இவன்தான்!” சாவடியே சிரித்தது. ஜீவமணி ஓட்டுச்சீட்டைக் கொடுத்து அனுப்பினார். ஆனால் சிவனாண்டிக்கு முகம் கடுகடுத்துப்போயிற்று. ஒருவனையாவது கையும் களவுமாகப் பிடிக்காமல் மச்சினர் முகத்தில் எப்படி முழிப்பது?

வெயில் ஏறுகிற நேரத்துக்கு அவள் வந்தாள். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை.

“மரியான் மனைவி ஞானசௌந்தரி” என்று குமாஸ்தா பெயரை வாசித்தான்.

சிவனாண்டிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதோ, மாட்டிவிட்டது! மரியான் அவருக்கு நன்றாகத் தெரிந்தவன். சங்கு குளிக்கிறவன், கரையேறினால் நேரே கடைக்குத்தான் வருவான். இரண்டு வருஷத்துக்கு முன் அவன் பெண்டாட்டி காய்ச்சலாகக் கிடந்தாள். அவள் முகத்தை இவர் பார்த்தது இல்லை. தினம் சுக்கும் மிளகும் வாங்கிப் போனான். பிறகு ஒருநாள் மரியான் வீட்டில் துட்டி, சாவு விழுந்துவிட்டது என்றார்கள். சிவனாண்டியும் போய் நின்றுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு மரியான் கடைப்பக்கம் வரவில்லை. பெண்டாட்டி போன துக்கத்தில் கொழும்புக்குப் போய்விட்டான் போல என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். யாரையும் கேட்கவில்லை. யார் சொன்னாலும் நம்பாதவரிடம் யார்தான் வந்து சொல்வார்கள்? பூட்டிக் கிடந்த அந்த வீட்டில் கொஞ்ச நாளாக ஒருத்தி வந்து குடியிருப்பதையும், கூட ஒரு வயசுப்பெண் இருப்பதையும் அவர் பார்த்துத்தான் இருந்தார். யாரோ எவளோ என்று அன்றைக்கே அவருக்கு உறுத்தியது.

“ஆட்சேபம்!” என்று எழுந்தே நின்றுவிட்டார். “சார், இவ ஞானசௌந்தரி இல்ல. ஞானசௌந்தரி செத்து ரெண்டு வருசமாச்சு. அந்தத் துட்டிக்கு நானே போயிருக்கேன்.”

ஞானசௌந்தரி அவர் பக்கம் திரும்பினாள். “செத்தது எங்க வீட்டுக்காரரு அண்ணாச்சி. நான் புன்னைக்காயல்ல எங்க அம்மா வீட்டுல போயி இருந்துட்டு இப்பத்தான் வந்தேன்.”

“மரியான் கொழும்புல இருக்கான்! அவன் வீட்டுல வந்து உக்காந்துக்கிட்டு அவன் பொண்டாட்டின்னா சொல்லுத? நீ யாருளா?”

அந்தக் கேள்வி ஓட்டோடு நிற்கவில்லை. வரிசையில் நின்ற பொம்பளைகள் வாயில் கை வைத்தார்கள். ஏனென்றால் வாசலில் தண்ணீர்ப் பானை பக்கத்தில் ஜேசுபாதம் நின்றுகொண்டிருந்தார். வீரபாண்டியன்பட்டணத்துக்காரர், தெருவுக்குப் புதுசு. அவர் மகனுக்கும் ஞானசௌந்தரியின் மகள் அல்போன்சாவுக்கும் கல்யாணம் பேசி முடித்து, கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சாமியார் வாசிப்பார். வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. இந்த நேரத்தில் ஒரு பெரிய கடைக்காரர், ஊரறிய, இவள் மரியான் பெண்டாட்டி இல்லை என்கிறார். இவள் இல்லையென்றால் அந்தப் பெண் யார் வயிற்றுப் பிள்ளை?

ஜேசுபாதம் பானையை விட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். “என்ன சொல்லுதாரு இவரு?” என்றார். முகம் மாறியிருந்தது.

“பைத்தியக்காரத்தனமா பேசுதாரு” என்றார் ரோச். “சார், நான் சத்தியம் பண்ணுதேன். இவ மரியான் பொண்டாட்டிதான். கல்யாணத்துக்கே போனவன் நான்.”

“நீ பண்ணாம இருப்பியா?” என்றார் சிவனாண்டி. “ஒரே கட்சி, ஒரே தெரு. நீ அவளுக்குப் பண்ணுவ, அவ உனக்குப் பண்ணுவா. அதுக்குத்தானே போட்டோ கேட்டேன்? போட்டோ இருந்தா காட்டச் சொல்லு. இல்லையா, போலீசுல பேசிக்கிடட்டும்.”

“போட்டோவுக்கு எங்கன போவா? எங்க தெருவுல போட்டோ எடுக்கதே சவப்பெட்டியில வச்ச பொறவுதாம்வே!”

ரோச் கோபத்தில் சொன்ன சொல்தான். ஆனால் ஞானசௌந்தரி சட்டென்று நிமிர்ந்தாள். “இருக்கு சார். அவரு அடக்கத்தன்னைக்கு எடுத்தது வீட்டுல மாட்டிக் கெடக்கு. கொண்டாரச் சொல்லுதேன்.”

வாசலில் நின்ற போலீஸ்காரரை ஜீவமணி பொறுக்கச் சொன்னார். அல்போன்சாவுக்கு ஆள் போயிற்று. அதுவரை ஞானசௌந்தரி சுவரோரமாக நின்றாள். அவள் கண் ஓட்டுப்பெட்டிப் பக்கமே போகவில்லை, ஜேசுபாதத்தின் முகத்திலேயே இருந்தது. அவரோ தலையைக் குனிந்து காலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். “சாமியார்ட்ட ஒரு வார்த்தை பேசிரணும்” என்று பக்கத்தில் நின்றவரிடம் அவர் சொன்னது அவள் காதில் விழாமலா இருக்கும்? ஓட்டு போனால் போகிறது, தன் பிள்ளை வாழ்க்கை போய்விடுமே! சிவனாண்டி மட்டும் துண்டால் விசிறிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

அல்போன்சா கண்ணாடிச் சட்டத்தைச் சேலைத் தலைப்பில் பொதிந்துகொண்டு ஓட்டமாக வந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டு அம்மா பின்னால் போய் நின்றாள். ஜீவமணி துணியை விலக்கினார்.

சவப்பெட்டியைத் தலைப்பக்கம் உயர்த்தி வைத்து எடுத்த படம். உள்ளே செபமாலை சுற்றிய கையோடு ஓர் ஆம்பிளை. தலைமாட்டில், பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சலில் எலும்பாய்ப்போன ஒருத்தி. கால்மாட்டில் ஒரு பெண்பிள்ளை. சுற்றிலும் உறவும் தெருவும்.

ஜீவமணி படத்தைப் பார்த்தார், ஞானசௌந்தரியைப் பார்த்தார். “இது நீங்கதாம்மா” என்றார்.

“தலைமாட்டுல கட்டினவதான் நிப்பா சார்” என்றார் ரோச். “வேற எவளாச்சும் அங்கன நிக்க முடியுமா? அறுத்துப் போட்டிருவாளுவ.”

“போட்டோவுல என்ன தில்லுமுல்லும் பண்ணலாம்” என்றார் சிவனாண்டி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “எந்த வீட்டுத் துட்டியோ, யாரு கண்டா?”

“எந்த வீடுன்னு உங்களைத்தான் கேக்கணும் அண்ணாச்சி.” ஞானசௌந்தரி முன்னால் வந்து படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள். “இங்கன நிக்கது யாரு?”

தோளில் மடித்த துண்டு, கக்கத்தில் குடை, சட்டைப் பொத்தான் கழுத்துவரைக்கும். சாட்சாத் சிவனாண்டிதான். அன்றைக்குப் போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதை அவர் பார்த்திருந்தார். தானும் படத்தில் விழுந்தோம் என்று இதுவரை நினைக்கவே இல்லை.

ஜேசுபாதம் மேசை வரைக்கும் வந்துவிட்டார். படத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். படத்தில் பலர் இறந்தவன் முகத்தைப் பார்த்தார்கள். சிலர் போட்டோப் பெட்டியைப் பார்த்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் கழுத்தை முழுக்கத் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“துட்டிக்கு வந்தீயளே அண்ணாச்சி, செத்தது யாருன்னு பாக்கலியா?” என்று கேட்டாள் ஞானசௌந்தரி. அதில் கோபம்கூட இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

“பதில் சொல்லும்வே” என்றார் ஜேசுபாதம். “உம்ம வார்த்தையில ஒரு பொம்பளப்பிள்ள கல்யாணம் நிக்கப் பாக்குது. அப்படி அங்கன என்னத்தைப் பாத்துக்கிட்டு நின்னீரு?”

பொய் சொல்லிவிடலாம். வாசலில் ஆள் கூப்பிட்டார்கள், வெயில் கண்ணில் அடித்தது, என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். யார் கண்டார்கள்? ஆனால் அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் இப்போது நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைய நீர். அவருக்கும் ஒரு மகள் உண்டு.

“செருப்பை” என்றார் சிவனாண்டி.

“என்னது?”

“புதுச்செருப்பு. வாசல்ல கழட்டிப் போட்டிருந்தேன். கூட்டமா இருந்துச்சு. எவனாவது மாட்டிக்கிட்டுப் போயிருவானோன்னு...”

சாவடி சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரைக்கும் கேட்டிருக்கும். போலீஸ்காரரே தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். ரோச் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். ஜேசுபாதம் மட்டும் சிரிக்கவில்லை. சட்டத்தைப் பதனமாக மேசையில் வைத்தார்.

“செருப்புக்குக் காவல் நின்னவர் பேச்சைக் கேட்டா நான் சம்பந்தத்தைச் சந்தேகப்பட்டேன்? சீச்சீ” என்றார். பிறகு அல்போன்சா பக்கம் திரும்பி, “நீ வீட்டுக்குப் போ தாயி. ஞாயித்துக்கிழம மூணாம் ஓலை வாசிப்பாக. எவன் ஆட்சேபம் சொல்லுதான்னு பாக்கேன்” என்றார். அந்தப் பெண் முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள்.

“ஆட்சேபம்?” என்று ஜீவமணி கேட்டார். சிவனாண்டி இல்லை என்று தலையை ஆட்டினார்.

ஞானசௌந்தரி ஓட்டுச்சீட்டை வாங்கினாள். உள்ளே போவதற்கு முன்னால், மேசையிலிருந்த படத்தை எடுத்து, சிவனாண்டியின் முன்னால் நேராகத் திருப்பி வைத்தாள்.

“நான் வார வரைக்கும் இதைப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. அன்னைக்குத்தான் பாக்காம போயிட்டீய” என்று சொல்லிவிட்டு மறைப்புக்குள் போனாள்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவரால் கண்ணை வேறெங்கும் ஓட்ட முடியவில்லை. குனிந்து பார்த்தார். மூக்கில் பஞ்சு. வாரிவிட்ட தலை. கடலிலிருந்து சொட்டச் சொட்ட வந்து கல்லாவுக்கு எதிரே நின்று, “அண்ணாச்சி, வீட்டுல அவளுக்குக் காய்ச்சல் விட மாட்டேங்கு, நல்ல சுக்கா பாத்துத் தாங்க” என்று கெஞ்சின அதே முகம். இரண்டு வருஷமாக இவனைக் கொழும்பில் உயிரோடு வைத்திருந்தார். வெளியே வரிசை நகர்ந்தது. குமாஸ்தா அடுத்த பெயரை வாசித்தான். அது சிவனாண்டியின் காதில் விழவில்லை. கண்ணாடி மேல் விழுந்த சொட்டைத் துண்டு நுனியால் துடைத்தார்.

“ஏலே மரியான், நீயாலே செத்துப்போன?” என்றார்.