நான்காவது மாடிக்கு ஒரு தலைவர்

"சிமெண்ட் மூட்டை இறங்குது, வழி விடுங்க!"

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு இந்தக் குரல் கேட்டால், படிக்கட்டில் நிற்பவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள். குரல் கொடுப்பது வேறு யாருமில்லை, அந்த மூட்டையேதான். நான்காவது மாடி டைப்பிஸ்ட் அக்கா. சர்க்கரை நோய் அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் வலது காலையும் பறித்துக்கொண்டு போயிருந்தது. வாயை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் மூன்று நாள் அவர் மருத்துவமனைக்குப் போய், இயந்திரத்தின் அருகே நான்கு மணி நேரம் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு நாள் தவறினாலும் உடம்பில் நீர் கட்டிவிடும். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கீழே போக அறுபத்து நான்கு படிகள்.

இரும்பு நாற்காலி ஒன்றுக்கு இரண்டு பக்கமும் குழாய் வைத்துப் பற்றவைத்தவர் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் பிழைப்பு. "ஊர்ல இருக்கிற லிஃப்ட் எல்லாம் இவர் கையில. குடியிருக்கிறது மட்டும் லிஃப்ட் இல்லாத வீடு" என்று பெயிண்டர் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. நாற்காலியின் பின்பக்கத்தை, அதாவது பாரம் முழுவதையும், தாங்குபவர் அந்தப் பெயிண்டர். மெக்கானிக் முன்னால் நின்று அக்காவைப் பார்த்தபடி பின்புறமாகவே இறங்குவார். படி கண்ணுக்குத் தெரியாது என்பதால் எண்ணிக்கொண்டே இறங்குவார்.

மூன்று வருடமாக இப்படித்தான். மூன்றாவது மாடியில் பக்கவாதத்தில் விழுந்த பெரியவரையும் மாதம் ஒருமுறை இதே நாற்காலியில்தான் இறக்கினார்கள். தூக்குவதற்கு ஒன்பது பேர் இருந்தார்கள். யாருக்கு எந்த நாள் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுபவர் இரண்டாவது மாடி லாண்டரியம்மா. மருத்துவமனையில் படுக்கை விரிப்புகள் துவைப்பவர். அந்தக் குழுவுக்குத் தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது. ஒரு பெயர்கூடக் கிடையாது. யாருக்கும் அது ஒரு குறையாகத் தோன்றியதும் இல்லை.

குறையாகத் தோன்ற வைத்தது ஒரு நல்ல செய்தி. படியேறும் சக்கர நாற்காலி ஒன்றை வாங்கித் தர ஓர் அறக்கட்டளை முன்வந்தது. மின்கலத்தில் ஓடும். ஒரே ஒரு ஆள் பிடித்துக்கொண்டால் போதும், தானே படி இறங்கும். எழுதிப் போட்டு அதைச் சாதித்தவர் டைப்பிஸ்ட் அக்காதான். ஒரே ஒரு நிபந்தனை. பணம் தனி ஆளிடம் தரப்படாது. குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். மாதம் முடிவதற்குள் கணக்கு எண்ணை அனுப்ப வேண்டும். தவறினால் வரிசையில் அடுத்து நிற்பவர்களுக்குப் போய்விடும்.

எட்டாம் தேதி மெக்கானிக் அரை நாள் விடுப்புப் போட்டு வங்கிக்குப் போனார். டோக்கன் எடுத்து, கண்ணாடித் தடுப்புக்கு எதிரே கால் கடுக்க நின்றார். உள்ளே இருந்த இளம்பெண் பொறுமையாக விளக்கினாள்.

"குழுவுக்கு ஒரு பேரு, விதிமுறை. கூட்டம் போட்டு, கணக்கு தொடங்கறோம்னு ஒரு தீர்மானம். தலைவர், செயலாளர், பொருளாளர்னு மூணு பேர். மூணு பேரும் நேர்ல வந்து என் முன்னாடி கையெழுத்து போடணும். போட்டோ, அடையாள அட்டை, இப்ப இருக்கிற வீட்டு முகவரிக்கு ஏதாவது சான்று. அவ்வளவுதான்."

"தலைவரா வர்றவரு... கொஞ்சம் பெரிய ஆளா இருக்கணுமா மேடம்?"

"பெரிய ஆளுன்னா? பதினெட்டு வயசு ஆகியிருந்தா போதும் சார்."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவரும் சிரித்தார். ஆனால் வெளியே வந்ததும், அந்தப் பெண் மரியாதைக்காக அப்படிச் சொல்கிறாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. படிவத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. லிஃப்ட் மெக்கானிக், பெயிண்டர், துணி துவைப்பவர். மூன்றையும் மனதுக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தார். இதை எடுத்துக்கொண்டு போனால் மேலாளர் ஏறெடுத்துப் பார்ப்பாரா? நகக்கண்ணில் கிரீஸ் படிந்த தன் விரல்களைப் பார்த்தார். முடிவு செய்துவிட்டார்.

தரைத்தளத்தில் ஆபீசர் இருந்தார். அரசாங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்தில் அந்த நாற்காலியை அவர் ஒரு விரலாலும் தொட்டதில்லை. நாற்காலி அவர் வாசலைக் கடக்கும்போது செய்தித்தாளைத் தாழ்த்தி, "பார்த்து, பார்த்து" என்று சொல்வதுதான் அவர் பங்கு.

"அந்த ஆளா?" என்றார் லாண்டரியம்மா. "அவருக்கும் நமக்கும் என்ன தம்பி சம்பந்தம்? பெயிண்டர் இருக்காரு, நீங்க இருக்கீங்க, நான் இருக்கேன். மூணு பேருக்கு மூணு பேர் சரியாப் போச்சு."

"நாம போனா மதிக்க மாட்டாங்கம்மா. அவர் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினா வேலை சட்டுனு முடியும்."

"மாசத்துக்கு ரெண்டு தடவை நான் அதே பேங்குக்குத்தான் போறேன். யாரும் என்னைத் தூக்கி வெளிய போடல."

பெயிண்டர் தோளைத் தேய்த்துக்கொண்டே, "யாரையாவது போடுங்கண்ணே. எனக்கு மெஷின் வந்தா போதும். இந்தத் தோள்பட்டை இன்னும் ஒரு மாசம்தான் தாங்கும்னு நினைக்கிறேன்" என்றார்.

ஆபீசர் சம்மதித்தார். சம்மதிக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். டைப்பிஸ்ட் அக்கா தீர்மானத்தை அடித்தார், ஒரே கையால். மறு கையில் அன்றுதான் ஊசி குத்தியிருந்தார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு ஆபீசர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"வெறும் 'தலைவர்'னு போட்டிருக்கு. 'நிறுவனத் தலைவர்'னு இருக்கணும்."

"நிறுவினது நீங்க இல்லையே சார்" என்று பெயிண்டர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். மெக்கானிக் அவர் காலை மிதித்தார். அக்கா மறுபடியும் அடித்தார். ஒன்பது பேரும் மறுபடியும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குள் பதினேழாம் தேதி ஆகியிருந்தது.

பதினெட்டாம் தேதி ஆபீசர், மெக்கானிக், பெயிண்டர் மூவரும் வங்கிக்குப் போனார்கள். டோக்கன் எடுக்க வேண்டும் என்றதிலேயே ஆபீசரின் முகம் சுருங்கிவிட்டது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதே பெண் அவருடைய அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்தாள்.

"சார், இதுல பழைய குவார்ட்டர்ஸ் முகவரி இருக்கு. இப்ப இருக்கிற வீட்டுக்கு ஒரு கரண்ட் பில் கொண்டு வந்தா போதும். இன்னைக்கே முடிச்சிடலாம்."

"என்கிட்ட முகவரிச் சான்று கேக்கறியா? எத்தனை பேருக்குச் சான்று கொடுத்த கை இது தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா எல்லாருக்கும் இதேதான் விதி."

"உங்க மேனேஜர் என் வீட்டுக்கு வந்து பேசட்டும். அப்புறம் கையெழுத்து போடறேன்."

கிளம்பிவிட்டார். கரண்ட் பில் அவருடைய வீட்டு மேஜையில்தான் கிடந்தது. ஆட்டோவில் போய்வர இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

தீர்மானத்தில் அவருடைய பெயர் இருந்ததால், அவர் இல்லாமல் அது வெறும் காகிதம். அன்று சாயங்காலமே பெயிண்டர் வழி சொன்னார்.

"ஒரு கூட்டம் போடுங்கண்ணே. அவரை எடுத்துட்டு லாண்டரியம்மாவைத் தலைவராப் போட்டுப் புதுத் தீர்மானம் எழுதுவோம். அஞ்சு நிமிஷ வேலை."

"அவரை நீக்கறதா? நாளைக்கு அவர் முகத்துல எப்படி முழிக்கிறது? நாமளே போய்க் கூப்பிட்டுட்டு, நாமளே வெளிய அனுப்பினா என்ன நினைப்பாரு?"

"அக்கா என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சீங்களா?"

மெக்கானிக் கூட்டம் கூட்டவில்லை. தினமும் வேலைக்குப் போகும் முன்னும், வந்த பின்னும் ஆபீசர் வீட்டு வாசலில் போய் நின்றார். "சார் கொஞ்சம் மனசு வைக்கணும்" என்றார். ஆபீசர் ஒரு நாள் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் எதிரே உட்கார வைத்து, தன் பணிக்காலத்தில் எத்தனை மேலாளர்கள் தன் முன்னால் எழுந்து நின்றார்கள் என்று ஒரு மணி நேரம் சொன்னார். மெக்கானிக் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை நாற்காலியில் இறங்கும்போது அக்கா மெல்லச் சொன்னார். "தம்பி, என்னை இறக்கறதைவிட அவரை இறக்கறது கஷ்டமா இருக்கே."

பெயிண்டர் பின்னால் இருந்து சத்தமாகச் சிரித்தார். மெக்கானிக்குக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. நல்ல வேளையாக யாரும் விழவில்லை.

மாதம் முடிந்தது. இரண்டாம் தேதி அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. வருந்துகிறோம் என்று தொடங்கி, நான்கே வரி. நாற்காலி வேறொரு குழுவுக்குப் போய்விட்டது.

பெயிண்டர் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து மெக்கானிக்கின் சட்டைப் பையிலேயே வைத்தார். "மூணு வருஷம் நான் பாரத்தைப் பிடிச்சேன். நீங்க பன்னெண்டு நாள் அந்த ஆளு காலைப் பிடிச்சீங்க. என் தோளும் போச்சு, மனசும் விட்டுப் போச்சு. இனி என்னைக் கூப்பிடாதீங்கண்ணே."

அவர் விலகியதும் இன்னும் இருவர் விலகினார்கள். வியாழக்கிழமை பின்பக்கம் பிடிக்க வந்தவருக்கு மூன்றாவது மாடி திருப்பத்திலேயே இடுப்புப் பிடித்துக்கொண்டது. நாற்காலியை அங்கிருந்து மேலேயே திருப்பிக்கொண்டு போனார்கள். அன்று அக்கா மருத்துவமனைக்குப் போகவில்லை. சனிக்கிழமை காலையில் மெக்கானிக் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். பாதிப் பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். பெயிண்டர் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. கடைசியாக, வேறு வழியில்லாமல், தரைத்தளக் கதவையும் தட்டினார்.

"சார், ஒரு கை குறையுது. கொஞ்சம் வந்து பிடிச்சீங்கன்னா..."

ஆபீசர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "தூக்கறதெல்லாம் தலைவர் வேலையாப்பா?"

அன்றும் அக்கா இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தூக்கினார்கள். முகத்தில் ஆக்ஸிஜன் கவசம் இருந்ததால் அவரால் பேச முடியவில்லை. வழி விடுங்கள் என்று சொல்ல ஆளில்லாமல், படிக்கட்டில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. திங்கட்கிழமை விடியும் முன்பே அவர் போய்விட்டார்.

மூன்றாவது மாடிப் பெரியவர் இன்னும் இருந்தார். அவருக்காகவாவது குழு பிழைக்க வேண்டும், நாற்காலிக்கு மறுபடி எழுதிப் போட வேண்டும் என்று லாண்டரியம்மா கூட்டம் கூட்டினார். பெயிண்டரும் வந்தார். யாரையும் பார்க்காமல் மூலையில் உட்கார்ந்தார். ஆபீசரை நீக்கிப் புதுத் தீர்மானம் எழுதக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. செய்தி போனபோது அவர் கோபப்படவே இல்லையாம். "அப்படியா? நல்லது" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினாராம். இதற்குப் பயந்துதான் பன்னிரண்டு நாள்.

மறுநாள் தலைவராக லாண்டரியம்மா, செயலாளராக மெக்கானிக், பொருளாளராகப் பெயிண்டர், மூவரும் வங்கிக்குப் போனார்கள். தொழில் என்ற கட்டத்தில் அவரவர் தொழிலை எழுதினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மேலாளர் ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்திட்டார். நாற்பது நிமிடத்தில் கணக்கு எண் கைக்கு வந்துவிட்டது.

"கடைசியில முடிஞ்சிடுச்சு பாருங்க சார்" என்றாள் அந்தப் பெண். "யாரோ ஒரு அம்மாவுக்குச் சக்கர நாற்காலின்னு சொன்னீங்களே, அவங்களுக்கு வந்துடுச்சா?"

பெயிண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவங்க இறந்துட்டாங்கம்மா" என்றார் லாண்டரியம்மா.

அந்தப் பெண்ணின் கை நின்றுவிட்டது. "நான்... அன்னைக்கு நான் சரியா சொல்லலையோ?"

"சரியாத்தான் சொன்னீங்க மேடம்" என்றார் மெக்கானிக். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கு அது பொருட்டாக இல்லை. "எனக்குத்தான் காதுல ஏறல. அந்த ஆபீசரைக் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது? அவர் தானா வரல, நான்தான் போய்க் கூப்பிட்டேன். மூணு வருஷம் ஒரு உயிரைத் தூக்கி இறக்கினவங்க பேரை ஒரு காகிதத்துல எழுத நான் வெக்கப்பட்டேன். ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத ஆளு பேரு அங்க இருந்தா கௌரவம்னு நினைச்சேன். அப்புறம் அவர் மனசு கோணக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்து நடந்தேன். இனிமே எவனாவது சங்கம் ஆரம்பிக்கப் படிவம் வாங்க வந்தா, நான் சொன்னேன்னு சொல்லுங்க மேடம். வேலை செய்யறவங்க பேரை முதல்ல எழுதச் சொல்லுங்க. அந்தஸ்தைப் பார்த்துத் தலைவரைத் தேடினா, அதுக்கான விலையைத் தேடினவன் கொடுக்க மாட்டான். மேல மாடியில காத்துக்கிட்டு இருக்கிறவங்கதான் கொடுப்பாங்க."