நூறு சதவீதம்

சுரேகா ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு லேப்டாப்பைத் திறந்ததும், விசைப்பலகை முழுக்கச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்குகள் ஓடத் தொடங்கின. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இன்னாமா இது, சாவு ஊட்ல சீரியல் லைட்டு மாதிரி ஓடுது?" என்றார் ஜானகிராமன் சித்தப்பா. "ஆஃப் பண்ணு மொதல்ல."

எப்படி அணைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து விசைப்பலகையின் மேல் போட்டாள்.

பெட்டிக்குள் படுத்திருந்தவர் அவள் அப்பா கங்காதரன். பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் லேத் ஓட்டியவர். நேற்று மாலை கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம் காய்கறி வாங்கப் போனவர் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் ஏற்றிய பிறகு கண் திறக்கவில்லை. இன்று செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று சித்தப்பா காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பி ஸ்ரீநாத் மெல்போர்னில் இருந்தான். விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருந்த நேரம். இப்போது வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. நேற்று இரவு போனில் அதை அவன் இரண்டு முறை விளக்கினான். இரண்டு முறையும் சுரேகா 'சரி' என்று மட்டும் சொன்னாள். காலையில் ஆளுக்கொரு போனில் அவனுக்கு முகத்தைக் காட்டிப் பார்த்தார்கள். வழி கேட்டு யாராவது அழைத்தால் படம் அறுந்தது. பிடித்துக்கொண்டிருந்தவர் அழுதால் ஆடியது. கடைசியில் அவனே சொன்னான், "என் பழைய லேப்டாப் கீதுல்ல, அத்தத் தலைமாட்ல வெச்சுடு. யாரும் புடிச்சுகினு நிக்க வேணாம். நான் பாட்டுக்கு ஒக்காந்துகினு கீறேன்."

முதல் சம்பளத்தில் விளையாடுவதற்கென்று அவன் வாங்கிய லேப்டாப் அது. ஒரு செங்கல் கனம் இருக்கும். தூக்கிக்கொண்டு போக முடியாமல் விட்டுப்போனான். மூன்று வருடமாக அப்பாதான் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் ஸ்ரீநாத் வந்தான். சவரம் செய்யாத முகம். மூன்று நிமிடம் ஒழுங்காக இருந்தது. பிறகு லேப்டாப்பின் விசிறி மிக்ஸி மாதிரி இரையத் தொடங்கியது. வாய் பாதி திறந்த நிலையில் அவன் அப்படியே நின்றுபோனான். ஒரு நிமிடம் கழித்து இரைச்சல் அடங்கி அவன் அசைந்தான். மறுபடி நின்றான்.

சுரேகாவின் போன் அடித்தது. அவன்தான்.

"அக்கா, உன் பக்கம் தான் மாட்டுது. ஃபேன் கத்துதா?"

"பயங்கரமா கத்துது."

"மேல இன்னாத்தயாச்சும் மூடி வெச்சுருக்கியா?"

"துண்டு. லைட்டு எரியுதுன்னு சித்தப்பா திட்டினாரு."

"எடு, எடு. காத்து போற வழி அது. கீழ ரெண்டு புக்கு குடுத்துத் தூக்கி வை."

துண்டை எடுத்தாள். அவன் சொன்ன இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கியதும் விளக்குகள் அணைந்தன. டெலிபோன் டைரக்டரி ஒன்றும் ஜாதகப் புத்தகம் ஒன்றும் கிடைத்தன. அவற்றை இரண்டு பக்கமும் வைத்து லேப்டாப்பை உயர்த்தினாள். படம் ஓடியது. நான்கு நிமிடத்தில் திரும்ப நின்றது.

இரண்டு இருபதுக்கு ஆண்கள் வந்து அப்பாவைப் பெட்டியிலிருந்து தூக்கி, குளிப்பாட்டப் பின்பக்கம் கொண்டுபோனார்கள். பெண்கள் கூடவே எழுந்து போனார்கள். அம்மா தாட்சாயிணி மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"சுரேகா, வந்து தலைக்கு சீக்கா வெச்சுட்டுப் போம்மா" என்று சித்தி கூப்பிட்டாள்.

"வரேன் சித்தி" என்றவள் எழுந்திருக்கவில்லை.

"கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணும் சேத்து அமுக்கு" என்றான் ஸ்ரீநாத். "டாஸ்க் மேனேஜர் வரும். சிபியுன்னு ஒண்ணு போட்டுருக்கும், அது மேல தட்டு. எந்த ப்ரோக்ராம் ஜாஸ்தி இழுக்குதோ அது மேல வந்துடும்."

சுரேகா அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் வேலையில் இருந்தாள். எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் புதிதல்ல. மேலே ஒரு விளையாட்டுக் கம்பெனியின் பெயர் இருந்தது.

"அது என்னுது. கேமுக்கு அப்டேட் எறக்கிகினு கீது. நிறுத்திடு."

நிறுத்தினாள். சிபியு பன்னிரண்டு சதவீதத்துக்கு இறங்கியது. இருவரும் காத்திருந்தார்கள். பன்னிரண்டு, பதினான்கு, பதினொன்று. பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நூறு. விசிறி இரைந்தது. பட்டியலில் பெயர்கள் மேலும் கீழுமாகத் தாவின. அவள் படிப்பதற்குள் மறுபடி பன்னிரண்டு.

"போச்சுடா. பேரப் பாக்கறதுக்குள்ள எறங்கிடுச்சு."

"இன்னொரு தபா ஏறும். ஏறச் சொல்லோ பாரு. கண்ண எடுக்காத."

அவள் கண்ணை எடுக்கவில்லை. பின்பக்கம் சித்தப்பா யாரையோ வேட்டி கேட்டுச் சத்தம் போட்டார். போனில் ஸ்ரீநாத் மூச்சு விடுவது கேட்டது.

"போன மாசம் நைனா சொன்னாரு அக்கா, பொட்டி ரொம்ப இரையுதுடான்னு. ஞாயித்துக்கெழம பாக்கறேன்னேன்."

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவள் கேட்கவில்லை. அப்பா அவளிடமும் சொல்லியிருந்தார்.

"பதிமூணு" என்றாள்.

"ம்."

"பதினொண்ணு. இரு, ஏறுது. நூறு. வெதர்னு ஆரம்பிக்குது பேரு."

"வெதரா? நான் அந்த மாதிரி எதுவும் போடலியே. எல்லா விண்டோவையும் சின்னது பண்ணிப் பாரு, பின்னாடி ஏதாச்சும் தொறந்து கீதா?"

ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றுக்கும் பின்னால், திரையின் வலது மூலையில், தீப்பெட்டி அளவில் ஒரு சின்னக் கட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு மேகப் படம், அதன் கீழே மழைக் கோடுகள். மெல்போர்ன், 11 டிகிரி.

அவள் படித்துக் காட்டினாள்.

"அதுவா" என்றாள் அம்மா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. "காலைல எழுந்ததும் அத்தத்தான் பாப்பாரு. அங்க மழை பெய்யுது, கொடை எத்துகினு போனானோ இன்னாவோம்பாரு. நம்ம ஊரு மழையப் பாக்க மாட்டாரு. மொட்டமாடில துணி நனைஞ்சுகினு கெடக்கும்."

அம்மா சொன்னது போனில் கேட்டிருக்கும். லைன் போய்விட்டதோ என்று சுரேகா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இருந்தது.

"ஸ்ரீநாத்?"

"இங்க மழை இல்லக்கா" என்றான். "காலைலயே நின்னுடுச்சு."

"இதுல மழைன்னு தான் போட்டுருக்கு."

"அது மாட்டிகினு கீது. புதுசா எடுக்கறதுக்கு முட்டிகினே இருக்கும், அதான் ஏறுது. சும்மா குடுக்கறாங்கன்னு எங்கேர்ந்தோ எறக்கியிருக்காரு. நிறுத்தினா திரும்ப வரும். மொத்தமா எடுத்துடணும்."

"எடுத்துடட்டுமா?"

"மணி எத்தினி அங்க?"

"ரெண்டு நாப்பத்திரண்டு."

"எடுத்துடு."

எங்கே போய் எதை அமுக்குவது என்று வழி சொன்னான். நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று திரை கேட்டது. அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சுரேகா 'ஆம்' மேல் தட்டினாள். வலது மூலையில் அந்தக் கட்டம் இருந்த இடம் காலியானது. விசிறி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு அடங்கியது. பத்து. ஒன்பது. பத்து.

அப்பாவைக் கொண்டுவந்து பெஞ்சில் கிடத்தினார்கள். புது வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. வாரிய தலையிலிருந்து ஈரம் இன்னும் போகவில்லை. சித்தப்பா மணியைப் பார்த்தார்.

"வண்டிக்காரன் ரெடியா நிக்கிறான். தெரிதா இல்லியாமா அவனுக்கு?"

"தெரியும் சித்தப்பா. இப்ப நிக்காது."

ஸ்டூலை நகர்த்தி, அப்பாவின் முகம் தெரிகிற மாதிரி லேப்டாப்பைத் திருப்பினாள். திரையில் ஸ்ரீநாத் அசைவில்லாமல் இருந்தான். மறுபடி நின்றுவிட்டதோ என்று அவள் குனிந்து பார்த்தாள். அவன் கண் சிமிட்டினான்.

சித்தப்பா தட்டிலிருந்து வாய்க்கரிசியை அள்ளி மூன்று முறை போட்டார். நகர்ந்து போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து லேப்டாப் முன் குனிந்தார். காது கேளாதவரிடம் பேசுவதுபோல் உரக்கப் பேசினார்.

"டேய் ஸ்ரீநாத். வரலன்னு நேத்து நைட்டு நாந்தான் ரொம்பப் பேசிட்டேன். பரவால்ல. ஒன் பேருக்கு நான் போடறேன், பாத்துக்கோ."

மறுபடி அரிசியை எடுத்தார். ஒவ்வொரு முறையும் கையைத் திரைக்குக் காட்டிவிட்டுப் போட்டார். ஸ்ரீநாத் எழுந்து நின்றுவிட்டான். சட்டையின் இரண்டு பொத்தான்களும் கூப்பிய கைகளும் மட்டுமே தெரிந்தன. முகம் திரைக்கு மேலே எங்கோ இருந்தது.

இரண்டு ஐம்பத்தாறுக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரை போய் நின்றார்கள். மேளச் சத்தம் ரயில்வே கேட் பக்கம் திரும்பித் தேய்ந்த பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்குத் திரும்பினார்கள். சித்தி குடத்தில் தண்ணீரும் துடைப்பமுமாகக் கூடத்துக்கு வந்தாள். தரையெல்லாம் சாமந்தி இதழும் அரிசியும் மிதிபட்டுக் கிடந்தன.

"இத்த மூடிடவாம்மா? ஊடு கழுவணும்."

சுரேகா திரையைப் பார்த்தாள். ஒரு நாற்காலி, அதன் முதுகில் போட்டிருந்த அந்தச் சட்டை, பின்னால் இருட்டிக்கொண்டிருந்த ஜன்னல். அடுத்த அறையில் எங்கோ குழாய் திறந்திருந்தது. தண்ணீர் பக்கெட்டில் விழுவதும், மொண்டு ஊற்றுவதும், மறுபடி விழுவதும் கேட்டன.

"வேணாம் சித்தி" என்றாள். "அவன் தலைக்கு ஊத்திகினு கீறான்."

ஸ்டூலை லேப்டாப்போடு அலுங்காமல் தூக்கி, நனையாத சுவரோரம் வைத்தாள். பிறகு சித்தியிடமிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள்.