நான்காம் சரிவுக்கு ஐந்து படிவங்கள்

எங்கள் சுரங்க நிறுவனத்தின் தோட்டக்கலைப் பிரிவில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற பெயர் எனக்கு எப்படியோ வந்துவிட்டது. பிரிண்டரில் சிக்கிய தாளை ஒருமுறை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து புதிதாக எது வந்தாலும், "சுபாஷைக் கூப்பிடுங்க" என்பார் அதிகாரி நல்லசாமி. காட்டை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவெடுக்க உதவும் மென்பொருளும் என் தலையில்தான் விழுந்தது.

காடு என்றால் மலைக்காடு அல்ல. சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேட்டில் முப்பது வருடத்துக்கு முன் நட்ட சவுக்கு, தைலமரம், வேம்பு, புங்கம். அந்த ஒரு மேட்டிடம் நாங்கள் ஐந்து வேலை எதிர்பார்க்கிறோம். விற்க மரம், எரிக்க விறகு, ஆடுமாடுகளுக்குத் தீவனம், மழைக்குச் சரிவு கரையாமல் மண்பிடிப்பு, காலையில் நடப்பவர்களுக்கு நிழல். மென்பொருள் இவற்றை இரண்டிரண்டாக எடுத்து, "இவற்றில் எது முக்கியம்?" என்று கேட்கும். மொத்தம் பத்துக் கேள்விகள். குறைந்தது பன்னிரண்டு பேர் பதில் சொன்னால், மேட்டின் ஒவ்வொரு பகுதியிலும் என்ன செய்யலாம் என்று அதுவே சொல்லிவிடும்.

ஏழு பேர் சுலபமாகக் கிடைத்தார்கள். மேட்டில் களை பறிக்கும் கான்ட்ராக்ட் பெண்கள் அவர்கள், மேட்டடியிலேயே குடியிருப்பவர்கள். மீதி ஐந்து பேர் அங்கே நடக்க வரும் குவார்ட்டர்ஸ்காரர்களாக இருக்கட்டும் என்று பட்டியல் போட்டேன். ஒருவருக்கு நைட் ஷிப்ட், ஒருவர் ஊருக்குப் போய்விட்டார், ஒருவர் போனையே எடுக்கவில்லை. மூன்று நாள் பிளாக் பிளாக்காக வண்டியில் அலைந்தேன். நான்காம் நாள் எரிச்சலில், ஒரு கையில் கேன்டீன் வடையை வைத்துக்கொண்டு, அவர்கள் பெயரில் ஐந்து படிவங்களையும் நானே நிரப்பினேன். எதையும் படிக்கவில்லை. இடப்பக்கக் கட்டத்தையே தட்டிக்கொண்டு போனேன். வடை ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

முடிவும் சட்டென்று வந்தது. "நான்காம் பகுதி, மேற்குச் சரிவு: இந்த ஆண்டு முழுதாக வெட்டலாம்." பெண்களின் ஏழு படிவங்களுக்கும் பக்கத்தில் சிவப்புக் குறி இருந்தது. விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று பொருள். அதிகம் படிக்காதவர்கள், குழப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை, வெட்டவேண்டிய மரங்களுக்கு நம்பர் போட மேற்குச் சரிவுக்குப் போனோம். பெயின்ட் வாளியைத் தூக்கி வந்தவர் பொற்கொடி, அந்த ஏழு பேரில் ஒருவர். நாற்பத்தொரு மரங்கள் முடிந்தபிறகுதான் கேட்டார்.

"எதுக்கு சார் நம்பரு?"

"வெட்டறதுக்குத்தான். உங்களையெல்லாம் கேட்டுத்தானம்மா முடிவாச்சு."

பொற்கொடி வாளியைக் கீழே வைத்தார். "நான் வெட்டச் சொல்லலைங்களே!"

எனக்குச் சுருக்கென்றது. போனில் அவர் படிவத்தைத் திறந்தேன். "நீதான் குழப்பி வச்சிருக்கே. தீவனத்தைவிட விறகு முக்கியம்னு சொன்னே. விறகைவிட மண்பிடிப்பு முக்கியம்னு சொன்னே. அப்புறம் மண்பிடிப்பைவிடத் தீவனம் முக்கியம்னும் சொல்லியிருக்கே. எது நிஜம்?"

"மூணும் நெசந்தான் சார். எந்த எடம்னு நீங்க கேக்கலியே? மொதக் கேள்விக்கு மேட்டு உச்சிய நெனச்சுக்கினு சொன்னேன். அங்க புல்லு கெடையாது, சுள்ளிதான். ரெண்டாவது இந்தச் சரிவு. மூணாவது எங்க வூட்டாண்ட இருக்கிற சமதரை. அங்க மண்ணு எங்க போவப்போவுது? ஆடு மேயட்டும்னு சொன்னேன்."

கையை நீட்டிக் கீழே காட்டினார். சரிவு முடிகிற இடத்தில் ஒரு சிமெண்ட் ஷீட் கூரை, பக்கத்தில் இரண்டு ஆடுகள். அதுதான் அவர் வீடு.

"இந்த மரமெல்லாம் கன்னா இருந்தப்ப, ஐப்பசி மழைக்கு மண்ணு எங்க அடுப்பு வரைக்கும் வந்துச்சு. எனக்குப் பத்து வயசு, கண்ணால பாத்தேன். எல்லாத்தையும் எடுத்துட்டா திரும்பவும் வூட்டுக்குள்ள வரும். அப்ப வெட்டச் சொன்னது யாரு சார்?"

ஐந்து பெயர்கள் என் வாயில் வந்து நின்றன. ஆனால் தட்டிய கை ஒன்றுதான். "பெயின்ட் போதும், வாளிய எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

நேராக நல்லசாமியின் அறைக்குப் போனேன். "அஞ்சு படிவம் நான் போட்டதுங்க சார். யாரையும் கேக்கல. பட்டியல்ல மரம் முதல்ல இருந்ததால, அது வர்ற எல்லாக் கேள்வியிலும் இடப்பக்கம் வந்திருக்கு. நான் இடப்பக்கமே தட்டினேன். ஒரே மாதிரி தட்டினதால முரணே இல்ல. நெஜமா யோசிச்சு சொன்னவங்களைத் தள்ளிட்டு, மிஷின் என்னை நம்பிடுச்சு."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஐந்து படிவங்களையும் ஒவ்வொன்றாக அழித்தார். போதிய விடைகள் இல்லை, திட்டம் போட முடியாது என்று திரையில் வந்தது.

"மெமோ குடுக்காம விடமுடியாதுங்க சுபாஷ்."

"குடுங்க சார்."

வெட்டுப் பட்டியலில் நான்காம் பகுதியைப் பேனாவால் அடித்தார். உச்சி, சரிவு, அடி என்று இடம் பிரித்துக் கேள்விகளைப் புதிதாக எழுதி, ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துக் கேட்கச் சொன்னார். நான் எழுந்தபோது, "அந்த மேட்டுல தெனமும் நடக்கற ஆளுதானே நீங்க? உங்க படிவம் எங்கே?" என்றார்.

ஐந்து பேருக்குப் போட்டவன் எனக்கென்று ஒன்று போடவில்லை. அன்று மாலை அந்தப் பழைய படிவத்தையே திறந்து உட்கார்ந்தேன். விறகா, நிழலா? நான் நடக்கும் பாதை ஞாபகம் வந்தது. மண்பிடிப்பா, நிழலா? பொற்கொடியின் அடுப்பு ஞாபகம் வந்தது. பத்துக் கேள்விக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் பொத்தானைத் தட்டினேன். என் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி வந்தது.

மறுநாள் காலை நம்பர்களை அழிக்க மண்ணெண்ணெயும் சாக்குத்துணியுமாக மேட்டுக்குப் போனேன். பொற்கொடி எனக்கு முன்பே வந்து, யாரும் சொல்லாமலே ஒன்றாம் நம்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மரங்கள் தப்பித்ததைச் சொன்னேன். மெமோவைச் சொன்னேன். சிவப்புக் குறியையும் சொன்னேன்.

"அப்ப நீங்களும் ரோசிச்சுத்தான் போட்டிருக்கீங்க சார்" என்றார். "நாப்பத்தியொண்ணுலேருந்து நீங்க தேச்சுக்கினு வாங்க."