குழாயை மூடாமல் வந்தது யார்?

லீவு விட்டால் மற்ற வாத்தியார்கள் டியூஷன் எடுப்பார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் மலையேறப் போய், உதடு வெடித்துத் திரும்பி வருவார். "ஏதாவது ஆச்சுன்னா யாருங்க பொறுப்பு?" என்று மனைவி கேட்டால், "நான் பொறுப்பில்லை" என்பார். எந்தக் காரியத்துக்கும் அவர் பொறுப்பேற்றதாகச் சரித்திரமே கிடையாது.

ஒருமுறை குளியலறைக் குழாயைத் திறந்து போட்டுவிட்டு இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கீழ்வீட்டுக்காரரின் கட்டில் நனைந்து, கூரைப் பூச்சு பெயர்ந்து அவர் தலையணையில் விழுந்தது. குழாய் யார் வேலை என்ற வழக்கு அன்றிலிருந்து நடக்கிறது. "நீதான்" என்பார் அவர். "நீங்கதான்" என்பாள் இவள். சாம்பாரில் உப்பு குறைந்தாலும் பேச்சு சுற்றி வளைத்துக் குழாயில்தான் வந்து நிற்கும்.

இந்த வருஷம் பெரிய மலை. அந்த உயரத்தில் மூளைக்குக் காற்று போதாமல் ஆள் குளறுவான். குளறுவது அவனுக்கே தெரியாது. கொஞ்சம் உட்காரலாம் என்று உட்கார்ந்து, அப்படியே உறைந்துவிட்டவர்கள் வழியில் உண்டு. ஏறுகிறவர்கள் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் அடிவாரக் கூடாரத்திலிருந்து குழுத் தலைவன் வாக்கிடாக்கியில் அடிக்கடி ஒரு பெருக்கல் கேட்பான். தப்பாகச் சொன்னால் இறங்கியே ஆக வேண்டும். கணக்கு வாத்தியாருக்கும் அதே பரீட்சைதான் என்று முடிவு செய்த மகானுபாவர் யாரோ தெரியவில்லை.

அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில், ஒரு பெரியவருக்கு இருமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது தலைவனின் போன் வந்தது.

"அண்ணி, பயப்படாதீங்க. அண்ணன் உச்சிக்குக் கிட்ட இருக்காரு. திரும்ப வேண்டிய நேரம் தாண்டிடுச்சு. இறங்குங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு."

"கணக்கு கேட்டீங்களா?"

"பதினேழாம் வாய்ப்பாட்டையே ஒப்பிச்சிட்டாரு அண்ணி. மூளை பளிச்சுனு இருக்கு. முன்னாடி போற ரெண்டு பேரும், வரட்டும்னுதான் சொல்றாங்க."

அவளுக்கு அது போதவில்லை. தூக்கத்திலேயே வாய்ப்பாடு சொல்கிற மனிதர் அவர். பக்கத்தில் படுப்பவளுக்குத் தெரியாதா?

"போனை வாக்கிடாக்கிகிட்ட வைங்க, தம்பி."

கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

"ஏங்க, அன்னைக்குக் குழாயை மூடாம வந்தது யாரு?"

இருமல்காரர் மருந்துக்குக் கை நீட்டியபடியே நின்றார்.

"நான்தாம்மா," என்றார் அவர், கனிவாக. "தப்பு என் மேலதான். மன்னிச்சுக்கோ."

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்க ஏங்கிய வார்த்தை. அவள் போனில் கத்தினாள்.

"தம்பி, அவருக்கு மூளை கலங்கிடுச்சு. உடனே இறக்குங்க!"

"மன்னிப்புதானே அண்ணி கேட்டாரு..."

"அதைத்தான் நானும் சொல்றேன்! கட்டித் தூக்கியாவது இறக்குங்க!"

தலைவனும் கல்யாணமானவன். அதற்கு மேல் கேட்கவில்லை. முன்னால் போன இருவரையும் அவரிடம் திருப்பி அனுப்பினான். அவர்கள் வந்து பார்த்தபோது, வாத்தியார் வெயில் கொளுத்துகிறது என்று சொல்லிக் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கோட்டையும் கழற்றிக்கொண்டிருந்தார். ஆக்ஸிஜனை மாட்டி, கயிற்றில் கட்டி, அரிசி மூட்டையைப் போல இறக்கினார்கள்.

இரண்டு விரல் நுனிகள் போயின. உயிருக்குப் பயமில்லை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். மூளை பழையபடி ஆகுமா என்பது கண் விழித்த பிறகுதான் தெரியும் என்றார். கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

அவர் கண் விழித்ததும் அவள் பெருக்கல் எதுவும் கேட்கவில்லை.

"ஏங்க, குழாயை மூடாம வந்தது யாரு?"

வெடித்த உதட்டை அசைக்க அவருக்கு நேரம் பிடித்தது.

"இதுல என்னடி சந்தேகம்? நீதான்."

அவள் வாய்விட்டு அழுதாள். கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க, நான்தான். தப்பு என் மேலதான்," என்றாள்.

வாத்தியார் அவளை உற்றுப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"சிஸ்டர்!" என்று கத்தினார். "ஓடி வாங்க, இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு!"