சவரிராயன் சுமந்த பதினோரு வாரம்

மார்ச் மூன்றாம் தேதி காலை ஆறேகால் மணிக்கு, அறுபத்தெட்டு வயதான சவரிராயனுக்கு ஏழாம் மாதக் கர்ப்பம் ஆரம்பித்தது. தக்காளித் தோட்டத்தில் செடிக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அரை மூட்டை ராகியை யாரோ வயிற்றோடு சேர்த்து வைத்தமாதிரி ஒரு பாரம் இறங்கியது. வேட்டி முடிச்சு அவிழ்ந்தது. குனிந்து பார்த்தார், சொந்தக் கால்விரல் தெரியவில்லை. அதே நேரத்தில் தருமபுரிப் பெரியாஸ்பத்திரியில் அவருடைய மருமகள் ஆக்சிலியாவுக்கு இருபத்தொன்பதாவது வாரத்திலேயே பெண்குழந்தை பிறந்திருந்தது. எடை ஆயிரத்து நூறு கிராம். நாற்பதில் மீதி பதினோரு வாரம் எங்கே போயிற்று என்று ஆஸ்பத்திரியில் யாரும் தேடவில்லை. அது பஸ் இல்லாமலே சவரிராயனிடம் வந்து சேர்ந்துவிட்டது.

மாரண்டஹள்ளிக்கு மேற்கே உள்ள அந்த ஊரில் இது புதிதல்ல. குழந்தை முந்திப் பிறந்தால் மீதி வாரம் பக்கத்தில் எது மேலாவது விழும். அமுதாவின் மகன் ஐந்து வாரம் முந்தியபோது அடுத்த வீட்டு எருமை அந்த ஐந்தையும் வாங்கிக்கொண்டு ஐந்து வாரம் தாமதமாகக் கன்று போட்டது. பையன் இப்போது லேத் ஓட்டுகிறான். ஜோசப் ராஜின் பேத்திக்குக் குறைந்த மூன்று வாரத்தைக் கோயிலுக்குப் பின்னால் நிற்கும் பலாமரம் எடுத்துக்கொண்டது. அந்த வருடம் பழம் பழுக்க ஆவணி ஆயிற்று, அவ்வளவுதான். வாங்கிக்கொள்ள ஆளில்லாத இடத்தில்தான் ஆபத்து. ஆக்சிலியாவின் முதல் இரண்டு பிள்ளைகளும் ஓசூரில், பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரியாத தெருவில், வாடகை வீட்டில் இருந்தபோது பிறந்தவை. வாரங்கள் அந்தத் தெருவில் இரண்டு நாள் கதவு கதவாக அலைந்துவிட்டுப் போய்விட்டன. பிள்ளைகளும் போய்விட்டன. அதனால்தான் மூன்றாவது தங்கியதும், கம்பெனி வேலையில் இருக்கும் மகன் டேவிட்ராஜை ஒரு வார்த்தை கேட்காமல், சவரிராயன் மருமகளை ஊருக்குக் கூட்டிவந்தார். ஒரு சினை எருமையையும் வாங்கி வாசலில் கட்டினார். தன் மேல் விழும் என்று அவர் நினைக்கவே இல்லை. எருமை தன் கணக்குக்குச் சரியாகக் கன்று போட்டுவிட்டுச் சும்மா நின்றது.

பாலக்கோட்டில் ஒரு மாடியில் குறைப்பிரசவ ஆராய்ச்சிக்காரர்கள் ஆபீஸ் போட்டிருந்தார்கள். அங்கிருந்து யுவராணி என்ற பெண் ஸ்கூட்டியில் வருவாள். கர்ப்பிணிகளிடம் ரத்தம் எடுப்பாள், எந்தத் தண்ணீர் குடிக்கிறாய், என்ன விறகு எரிக்கிறாய், எத்தனை குடம் தூக்குகிறாய் என்று கேட்டு எழுதுவாள். கேள்வி கேட்கிறவர்கள் எவரையும் சவரிராயனுக்குப் பிடிக்காது. பிரசவத்துக்கு முன்னால், அவள் வந்த முதல் நாளே வாசலில் மறித்தார்.

"ரத்தத்த எடுத்துக்கினு போயி என்னா பண்ணுவீங்க?"

"பாத்து எழுதுவமுங்க. ஏன் முன்னாடியே பொறக்குதுன்னு கண்டுபுடிக்கத்தான்."

"எப்பக் கண்டுபுடிப்பீங்க?"

"அதுக்கு ஒரு பத்து வருசம் ஆவுமுங்க."

"அதுக்குள்ள எம் பேரப்புள்ள அஞ்சாவது படிச்சிரும். போம்மா."

அவர் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து ஆக்சிலியா தானே கையெழுத்துப் போட்டுவிட்டாள். சவரிராயன் நான்கு நாள் அவளோடு பேசவில்லை. பிரசவத்தன்று நஞ்சுக்கொடியை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டதும், அது பெங்களூரில் முகத்துக்குப் பூசும் கிரீம் ஆகிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார்.

பாரம் வந்த நாளிலிருந்து அவரால் ஓரிடத்தில் நிலைகொள்ள முடியவில்லை. உட்கார்ந்தால் விலாவில் உதை. படுத்தால் மூச்சு முட்டியது. நின்றால் கால் வீங்கியது. வரப்பில் ஏறி இறங்கி, கிணற்றைச் சுற்றி, கோயில் வரை போய், வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி, மறுபடி வரப்புக்கு வந்தார். பீடி வாசம் குமட்டியது. புளியங்கொழுந்து எங்கே தெரிந்தாலும் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். ஊர் நர்ஸ் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைச் சந்தேகப்பட்டுக் கூரையில் சொருகி வைத்தார். ஊரில் யாரும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் மட்டும் எழுந்து இடம் விட்டார்கள். அவர் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பதாகச் சவரிராயன் மாதா முன்னால் நேர்ந்துகொண்டார். பகலெல்லாம் பட்டினி, விளக்கு வைத்த பிறகு ஒரு கரண்டி ராகிக்கூழ், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் நாள், அன்றைக்கு மட்டும் வயிறாரக் களியும் குழம்பும். முதல் இரண்டு பிள்ளைகளுக்கு நேர்ச்சை வைக்கவில்லை, அதுதான் தப்பாகிவிட்டது என்பது அவர் எண்ணம். இந்த முறை தப்பு விடக் கூடாது என்று கூழிலும் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

ஆஸ்பத்திரியில் குழந்தை இளைத்தது. பிறந்த புதிதில் எடை குறைவது வழக்கம்தான் என்றார்கள். மூன்றாவது வாரமும் குறைந்தபோது டாக்டர்கள் பாலைப் பார்த்தார்கள், ரத்தத்தைப் பார்த்தார்கள், கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. தொள்ளாயிரத்துப் பத்து கிராமுக்கு வந்து நின்றது. இன்னும் இறங்கினால் தாங்காது என்று டாக்டரம்மா ஆக்சிலியாவிடம் சொல்லிவிட்டார். தினமும் காலையில் போடும் எடையை எழுதிவந்த யுவராணிதான் ஒன்றைக் கவனித்தாள். திங்கள் காலையில் மட்டும் குழந்தை முப்பது கிராம் ஏறியிருக்கும். மற்ற நாளெல்லாம் இறக்கம். அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே தக்காளித் தோட்டத்துக்கு வந்தாள். சவரிராயன் நடந்துகொண்டே இருந்ததால் அவளும் பின்னாலேயே நடந்தாள்.

"ஞாயித்துக்கெழம உங்க வூட்டுல என்னாங்க நடக்குது?"

"பூசைக்குப் போவோம்."

"அப்பறம்?"

"திங்கறன். அன்னிக்கி மட்டும் ஒருசந்தி கெடையாது."

யுவராணி வரப்பிலேயே நின்றுவிட்டாள். "பெரியவரே, கொழந்தையோட வாரத்த நீங்கதான வச்சிருக்கீங்க. நீங்க பட்டினி கெடந்தா அது எதத் திங்கும்?"

"ஞாயித்துக்கெழம ஊரே செபம் பண்ணுது. அதுல ஏறுது. உன் பொட்டியில அதெல்லாம் தெரியாது."

"நாளைக்கி ஒருநாள் காலைல சாப்புட்டுப் பாருங்க. எறங்குனா என்ன வந்து கேளுங்க."

"ரெண்டு புள்ளையப் பொதச்சவன் நானு. நீ பொதைக்கல. நேர்ச்சைய நான் முறிச்சு ஏதாச்சும் ஆயிட்டா உங்க ஆபீசுல என்னா எழுதுவீங்க?"

 அதற்குப் பதில் தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டே அவள் போனாள். அது மட்டும் சவரிராயனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஏமாற்ற வந்தவள் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லியிருப்பாள்.

வீட்டில் மனைவி ராயம்மாள் வேறு விதமாகப் பிடித்துக்கொண்டாள். "கர்ப்பஸ்திரீக்கு ஒருசந்தி கெடையாது. சாமியாரே பிரசங்கத்துல சொல்லியிருக்காரு."

"நான் கர்ப்பஸ்திரீயாடி?"

"வவுத்தத் தள்ளிக்கினு வாசப்படி எறங்க முடியல. பின்ன நீ என்னா?"

மறுநாள் புதன். எண்ணூற்றுத் தொண்ணூறு. ஆக்சிலியா போன் செய்தாள். அவள் அழவில்லை. "மாமா, நான் சொட்டுச் சொட்டாப் பால் பீச்சித் தரன். டியூப்ல எறங்குது, ஒடம்புல ஒட்டல. காலு என் சுண்டுவெரலு தடிமந்தான் இருக்குது. சாமி கோவிச்சா என் மேல கோவிக்கட்டும். நீங்க சாப்புடுங்க, மாமா." அவர் போனை ராயம்மாளிடம் கொடுத்தார். கிணற்றை இரண்டு சுற்றுச் சுற்றினார். அப்புறம் அடுப்பங்கரை வாசலில் நின்று, உள்ளே பார்க்காமல், களி இருக்கிறதா என்று கேட்டார். ராயம்மாள் களியும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் இரண்டு முட்டையும் வைத்தாள். காலை பத்து மணி, தவக்காலத்துப் புதன்கிழமை. முதல் கவளம் தட்டிலேயே விழுந்தது. இரண்டாவதை விழுங்கினார். உள்ளே இருந்தது ஒருமுறை புரண்டு, உதைப்பதை நிறுத்தியது.  செத்துவிட்டது என்று நினைத்துத் தட்டைத் தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்து விக்கல் எடுத்தது, அவருக்கல்ல, வயிற்றுக்கு. தட்டை இழுத்து மீதியையும் தின்றார்.

வியாழன் காலை முப்பத்தைந்து கிராம் ஏற்றம் என்று யுவராணி போனில் சொன்னாள்.

"ஒருநாள்ல என்னாத் தெரியும்? இன்னொரு நாள் பட்டினி கெடந்து பாக்கட்டுமா?"

"வேணாங்க. நம்பறமுங்க."

"நீங்க நம்புவீங்க. நான் நம்ப வேணாமா?" என்றார். ஆனாலும் தின்றுகொண்டுதான் சொன்னார்.

சென்னையிலிருந்து இரண்டு பெரிய டாக்டர்கள் வந்து அவர் வயிற்றை அளந்தார்கள். ஸ்கேனில் குடல் தவிர ஒன்றும் தெரியவில்லை, இதயத் துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு நூற்று நாற்பது கேட்டது. அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். கர்ப்பிணிகளுக்கான படிவத்தில், மாதவிலக்காகிக் கடைசியாகக் குளித்த தேதி என்ற கேள்வியை யுவராணி தானே அடித்துவிட்டாள். கூரையில் இருந்த மாத்திரைகளைச் சவரிராயன் தூசி தட்டி விழுங்க ஆரம்பித்தார். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் பதினான்கு ஸ்தலத்திலும் அவருக்கு நாற்காலி போட்டார்கள், யாரோ வேர்க்கடலையும் கொடுத்தார்கள். அவர் உட்காராமல், மென்றுகொண்டே, முன்னும் பின்னும் நடந்து முடித்தார். மே முதல் வாரம் இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் எடையோடு குழந்தை வீட்டுக்கு வந்தது. பூனைக்குட்டி மாதிரி முனகும், அழாது. கண்ணைப் பாதிதான் திறக்கும். இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மே பத்தொன்பது காலை சவரிராயனுக்கு இடுப்புவலி கண்டது. மூன்று மணி நேரம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஆராய்ச்சிக்காரர்களையும் ஓசூரையும் மகனையும் வரிசையாகத் திட்டினார். பத்தேகாலுக்கு வயிறு வடிந்து தட்டையானது. உள் அறையில் ஆக்சிலியாவின் மடியில் இருந்த குழந்தை கண்ணை முழுக்கத் திறந்து, தெருக்கோடி வரை கேட்கிறமாதிரி, முதல்முறையாக அழுதது. ஆக்சிலியா அதை அமர்த்தாமல் கொஞ்ச நேரம் அழவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ராயம்மாள் பூண்டு உரித்துக் குழம்பு வைத்தாள், வெந்நீர் போட்டாள், கிழவன் பத்து நாளைக்குத் தோட்டத்துப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டாள். எழுபத்தேழு நாள் நடந்தவர் மல்லாந்து படுத்துத் தூங்கினார். மதியத்துக்கு மேல் ஊர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள். குழந்தையைப் பார்த்தார்கள், கை கால் எண்ணினார்கள், தாத்தா மூக்கு என்றார்கள். பிறகு கட்டிலருகே வந்து எட்டிப் பார்த்து, "பெத்த ஒடம்பு, எழுப்பாதீங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினார்கள்.