மலையடிக் கன்ரீன்

டிசம்பரின் முதற் சனிக்கிழமை வெக்ஸ்போர்ட் வீட்டிலிருந்து கணவரோடு இரண்டு மணித்தியாலம் காரோடி வந்து இறங்கியபோது, தங்கள் கன்ரீன் வாசலில் நின்ற லிஃப்ற்றைத் தவமலர் காணவில்லை. தூண்களைப் பிடுங்கிய குழிகள்தான் பனிக்குள் பள்ளமாய்த் தெரிந்தன. பனியில் சறுக்க வருகிறவர்களை உச்சிக்கு ஏற்றும், கம்பியில் தொங்கும் அந்த லிஃப்ற்றின் கதிரைகள் இப்போது கார் நிறுத்துமிடத்துக்கு அப்பால், கோடையில் எழும்பிய புது ஹோட்டலடியிலிருந்து மேலேறிக்கொண்டிருந்தன.

எண்பத்துநாலாம் ஆண்டில் மலை அலெக்ஸாண்டர் என்ற கிழவருடையது. அடிவாரத்தில் ஒரு மரக் கட்டடம், லிஃப்ற், இந்தக் கொட்டில், அவ்வளவுதான். ஊரைவிட்டு வந்து ஒரு வருடமே ஆகியிருந்த இவளுக்கும் கணவருக்கும் கன்ரீன் நடத்தக் கொட்டிலைக் கொடுத்தவர் அவர். கையுறை கழற்றாமலே அவள் பொரித்த ரோல்ஸைக் கடித்துக்கொண்டு லிஃப்ற் வரிசையில் நின்ற சனம், மூன்றாம் வருடம் தவமலரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. போன வசந்தத்தில் கிழவர் மலையை ஒரு கொம்பனிக்கு விற்றார். புதிதாக வருகிறவர்களும் எங்களை வைத்திருப்பார்கள் என்று அவள் கணவர் பாக்கியராசா கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருதரம் போய்ப் பார்ப்போம் என்று அவள் கேட்டபோதெல்லாம் அவருக்குத் தொழிற்சாலையில் ஓவர்டைம்.

மத்தியானம்வரை ஒரேயொருவர் வந்தார். அவரும் கழிவறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார். தவமலர் ஏப்ரனோடே ஹோட்டலுக்கு நடந்தாள். மனேஜர் கிளடிஸ் கோப்பி கொடுத்துக் கனிவாகத்தான் பேசினாள். கொட்டில் பங்குனிவரை நிற்கலாம். பிறகு அந்த இடத்தில் குளம் வரும். புதுக் கட்டடத்தில் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் வேறு ஆட்களுக்குக் கொடுத்தாயிற்று. வழிகாட்ட ஒரு பலகையாவது வைக்கலாமா என்று தவமலர் கேட்டாள். பலகைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேண்டுமாம்.

திரும்பி வந்தபோது பாக்கியராசா கொட்டிலிலிருந்து லிஃப்ற்றை நோக்கிச் சவளால் பனியை அள்ளியள்ளிப் பாதை வெட்டிக்கொண்டிருந்தார். முக்கால்வாசி முடிந்திருந்தது.

"பங்குனியோட உடைக்கினமாம்," என்றாள்.

"பங்குனிக்கு இன்னும் கிடக்குத்தானே."

"நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதோ?"

"கேட்டது. பாதை கிடந்தால் சனம் வரும், தவம்."

அவளுக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? இவரையா, கிழவரையா, அந்தக் கோப்பியைக் குடித்துவிட்டு நன்றியும் சொல்லி வந்த தன்னையேயா?

அப்போது கொட்டிலுக்குப் பின்னாலிருந்து, தோளில் சறுக்குப் பலகைகளோடு ஒரு இளஞ்சோடி வந்தது. பாக்கியராசா நிமிர்ந்து தொப்பியைச் சரிசெய்தார். தவமலர் தன்னையறியாமல் உள்ளே ஓடி அடுப்பைக் கூட்டினாள். எண்ணெய் இரையத் தொடங்கியது. யன்னலால் பார்த்தாள். அந்தப் பெண் ஏதோ கேட்டாள். பாக்கியராசா சவளைத் தூக்கி ஹோட்டல் பக்கம் காட்டினார். அவர் வெட்டிய பாதையாலேயே அவர்கள் இறங்கி நடந்தார்கள்.