செருப்புக் கரை

நசரத்பேட்டைக்குத் தெற்கே, செம்பரம்பாக்கம் ஏரியின் ஆளரவமற்ற மூலையில் ஒரு மணல்கரை. பட்டப்பகலிலும் காக்கை அதை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டுதான் பறக்கும். நிழல் விழுந்தால் நிழலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். யுத்த காலத்துக் கோடை ஒன்றில்தான் அதற்கு இந்தப் பெயர் வந்தது.

கரை தொடங்கும் இடத்தில் கன்னிமார் கல் உண்டு. வற்றிய ஏரியைக் குறுக்கே கடப்பவர்கள் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மணலில் இறங்க வேண்டும். திரும்பி வந்து மாட்டிக்கொள்ளலாம்.

காலையில் எருமையைத் தேடிப் போன துலுக்கானம் பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. அவன் மனைவி கன்னியம்மாள், பூந்தமல்லியில் செருப்பு தைக்கும் நூர் முகமதுவை வழியில் கண்டு அழைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

கல்லடியில் ஒன்பது ஜோடி செருப்புகள்.

“பயப்படாத தங்கச்சி. எவ்ளோ பேரு எறங்கிக்கிறாங்க பாரு!” என்று குனிந்த நூர் முகமதுவின் முகம் வெளுத்தது. “அத்தினியும் நான் தச்சது. இது வீராசாமிது. பங்குனியிலயே காணாப்போனவரு. இது தேவராஜிது... பட்டாளத்துக்கு ஓடிட்டான்னாங்களே!”

ஒவ்வொருவனும் முன்னவன் செருப்பைப் பார்த்து, உள்ளே ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில் இறங்கியிருக்கிறான்.

“எங்க ஊட்டுக்காரருது, பாய்?”

அவர் கடைசி ஜோடியைத் தொட்டார். புதுத்தோல் வாசனை இன்னும் போகவில்லை.

அப்போதுதான் எதிர்ப்பக்கம் துலுக்கானம் தெரிந்தான். எருமை வாலைப் பிடித்தபடியே எப்படியோ அக்கரை சேர்ந்துவிட்டவன், எருமையைக் கட்டிவிட்டு, புதுச் செருப்பை எடுக்க நேராக மணலில் வந்துகொண்டிருந்தான்.

“வராதய்யா! அங்கியே நில்லு!”

எதிர்க்காற்று அவள் குரலைக் கொண்டுபோய்விட்டது. அவன் கையை ஆட்டிக்கொண்டே வந்தான்.

நூர் முகமது புதுச் செருப்பில் ஒன்றை எடுத்து, பீரங்கிக் குண்டாய் அவன் மீது வீசினார்.

துலுக்கானம் அப்படியே நின்றான். “யோவ் பாய்! செருப்பாலயா அடிக்கிற? இன்னா தைரியம்யா ஒனக்கு!”

செருப்பு அவனுக்கு நாலு முழம் முன்னால் விழுந்தது. முதலில் குதிகால், பிறகு வார், கடைசியில் நுனி. விழுங்கிய மணல் விட்ட ஏப்பம் ஆவடி வரை கேட்டது.

துலுக்கானம் தன் காலடித் தடங்களிலேயே பின்னால் நடந்தான். ஏரிக்கட்டையைச் சுற்றி எருமையோடு வீடு வந்து சேர இருட்டிவிட்டது. கன்னியம்மாள் முதலில் அவனை அடித்தாள், பிறகு அழுதாள்.

மீதி எட்டு ஜோடிகளை ஊரே வந்து எண்ணிப் பார்த்தது. எட்டுப் பேர் என்று தீர்மானித்தது. கன்னியம்மாள் மட்டும் ஊராரின் கால்களைப் பார்த்தாள். நூற்றில் தொண்ணூறு பேருக்குச் செருப்பே கிடையாது.